மார்கழியில் உறைந்த மிஷின்

குன்னூரில் எங்கள் லைன் வீட்டின் சன்னலோரத்தில் அம்மாவின் தையல் மிஷின் நின்றது. கறுப்புத் தலை, தங்க எழுத்து, காலால் மிதிக்கும் இரும்பு ஸ்டாண்ட். கார்த்திகை பிறந்து பனி இறங்க ஆரம்பித்துவிட்டால் அம்மாவுக்குக் காலைத் தையல் கிடையாது. ஏழு மணிக்கு உட்கார்ந்து சக்கரத்தைத் தள்ளினால் அசையாது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினால் முக்கால் சுற்று வந்து நிற்கும். "அதுக்கும் குளுருது பாப்பா, வெயில் வரட்டும்" என்பார். பதினொரு மணி வாக்கில் சன்னல் வழியாக வெயில் வந்து மிஷின் முதுகில் விழும். அதன் பிறகுதான் அது மெல்ல வழிக்கு வரும். கிறிஸ்துமஸ், பொங்கல் என்று துணி குவிகிற இரண்டு மாதமும் இப்படித்தான் மக்கர் பண்ணும். அப்பா இரண்டு முறை பழைய இரும்புக்காரரைக் கூட்டி வந்து விலை கேட்டிருக்கிறார்.

அந்த மிஷினுக்கு நாங்கள் விட்டது தேங்காயெண்ணெய். தலைக்குத் தேய்க்கிற அதே பாட்டில். குளிர் காலத்தில் அந்தப் பாட்டிலே வெள்ளையாக உறைந்து நிற்கும். பள்ளிக்கூடம் போகும் முன் அடுப்போரம் வைத்து உருக்கித்தான் எனக்குத் தலை பின்னுவார் அம்மா. பாட்டிலில் உறைவது மிஷினுக்குள்ளும் உறையும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டியாகத் தொடங்கும். குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். மார்கழி இரவில் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். மிஷினுக்குள்ளே மெழுகு ஊற்றி வைத்த மாதிரிதான் இருந்திருக்கும்.

இதை நான் புரிந்துகொண்டது குன்னூரில் இல்லை. 2003-இல் கல்யாணமாகித் திருப்பூர் வந்தேன். முதலில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடி வேலை, அதாவது டெய்லருக்கு உதவியாள். ஒன்றரை வருஷம் கழித்து டெய்லராக உட்கார வைத்தார்கள். கால்மிதி மிஷினில் பழகிய எனக்கு மோட்டாரில் ஓடும் பவர் மிஷினின் வேகம் முதலில் பயமாக இருந்தது. ஜூகி என்ற ஜப்பான் கம்பெனியின் டிடிஎல்-8700 போன்ற மிஷின் நிமிடத்துக்கு 5,500 தையல் வரை போகக்கூடியது. அம்மா எவ்வளவு வேகமாக மிதித்தாலும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

ஒரு ஷிப்மென்ட் இரவில் நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளை பனியன், விடியற்காலை லாரி. என் மிஷினின் கண்ணாடியில் எண்ணெய் தெறிக்கவில்லை. பவர் மிஷினின் தலையில் சின்னதாக ஒரு கண்ணாடி இருக்கும். அடியில் உள்ள தொட்டியிலிருந்து பம்ப் எண்ணெயை மேலே இழுக்கும்போது அந்தக் கண்ணாடியில் சொட்டுச் சொட்டாகத் தெறிப்பது தெரியும். தெறிக்கவில்லை என்றால் எண்ணெய் ஏறவில்லை என்று அர்த்தம். சூப்பர்வைசரிடம் சொன்னேன். மிஷின் எண்ணெய் தீர்ந்து போயிருந்தது, அந்த நேரத்தில் கடையும் கிடையாது. யாரோ ஒருவர் பைக்குக்கு வாங்கி வைத்திருந்த எஞ்சின் எண்ணெயைக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றிவிட்டார்கள். எண்ணெய்தானே, இன்றைக்கு ஓடினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும் சரி என்றுதான் ஓட்டினேன்.

ஒரு மணி நேரத்தில் சத்தம் மாறியது. வழக்கமான சீரான சத்தத்துக்கு நடுவே கரகரவென்று ஒன்று கேட்டது. மிஷின் தலையில் கை வைத்தால் சுட்டது. நூல் அறுந்துகொண்டே இருந்தது. பிறகு தைத்து முடித்த பீஸ்களில் ஊசி போன வழியெல்லாம் தேன் நிறத்தில் புள்ளி. செக்கிங்கில் இருந்த அக்கா ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்த்து ஒதுக்கினார். நாற்பதுக்கும் மேல் போனது. கடைசியில் மிஷின் இறுகி நின்றேவிட்டது.

காலையில் மெக்கானிக் அண்ணன் வந்தார். தலையைப் பின்னால் சாய்த்தார், தொட்டியில் விரலை விட்டு எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். "ஏன் அம்மிணி, வண்டிக்கு ஊத்துறத இதுக்கு ஊத்துனா ஓடுமுங்களா?" கோபப்படவில்லை, வருத்தப்பட்டுத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. "எண்ணெய்க்கு எண்ணெய் என்னண்ணா வித்தியாசம்?" என்றேன்.

அவர் மேசையிலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்துத் துடைத்தார். மேல் முனையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சொட்டு வைத்தார். ஒன்று தன் பையில் இருந்த மிஷின் எண்ணெய், இன்னொன்று தொட்டியில் இருந்தது. ஸ்கேலைச் சுவரில் சாய்த்தார். மிஷின் எண்ணெய் தண்ணீர் போல நேராக ஓடிக் கீழே தரையில் சொட்டிவிட்டது. மற்றது அப்போது இரண்டாவது அங்குலத்தைக்கூடத் தாண்டவில்லை. "உள்ள இருக்குற சந்து தலைமுடியவிடச் சன்னம். இந்த வேகத்துல அதுக்குள்ள போயிட்டு வரணும்னா எது போகுமுங்க, நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் இருபது வருஷமாக எண்ணெய் விஷயத்தில் யாருக்குச் சொல்வதானாலும் முதலில் அந்த ஸ்கேலைத்தான் சொல்கிறேன். எண்ணெய் டின்னில் விஜி என்று போட்டுப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். 40 டிகிரி சூட்டில் அது எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிற எண் அது. எண் சின்னதானால் எண்ணெய் சன்னம். வேகமாக ஓடும் பவர் மிஷினுக்கு 7 அல்லது 10. ஜூகி தன் மிஷின்களுக்குச் சொல்வதும் 7-க்குச் சமமான எண்ணெயைத்தான். வீட்டுக் கால்மிதி மிஷினுக்கு 10 முதல் 22 வரை எது கிடைத்தாலும் நன்றாக ஓடும். பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 எண்ணெயை அதே கணக்கில் அளந்தால் 100-ஐத் தாண்டும். அதோடு எஞ்சினுக்குள் சேரும் கரியைத் தாங்கிப் பிடிக்க அதில் மருந்துகள் கலந்திருப்பார்கள். தையல் மிஷினுக்கு அது எதுவும் தேவையில்லை. துணியில் பட்டால் கறை, அவ்வளவுதான் மிச்சம்.

அன்று அவர் தொட்டியை வடித்துத் துடைத்தார். நல்ல எண்ணெயை ஊற்றி மெதுவாக ஓடவிட்டு அதையும் வடித்தார். மறுபடி புது எண்ணெய் விட்டார். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே நிற்கும் அளவுதான். பிறகு ஒரு காகிதத் துண்டு. ஊசி நூலையும் அடி நூல் இருக்கும் பாபின் கேஸையும் எடுத்துவிட்டு மூன்று நிமிஷம் சும்மா ஓட்டினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடியில் சுழன்று நூலைப் பிடிக்கும் ஹூக்குக்குக் கீழே, அதில் படாமல், காகிதத்தை ஐந்து விநாடி பிடித்தார். காகிதத்தில் நூல் அளவுக்கு மெல்லிய ஒரு எண்ணெய்க் கோடு விழுந்தது. "இது சரி. பட்டையா விழுந்தா துணில அடிக்கும். ஒண்ணுமே விழலைன்னா ஹூக்கு தேயும்." அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்குரூ உண்டு. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. காகிதம் பிடித்துப் பார்ப்பதை மட்டும் நம் கையால் செய்யலாம். சுழலும் ஹூக்கின் பக்கத்தில் விரல் போகக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் பொங்கல் லீவுக்குக் குன்னூர் போனபோது பையில் மிஷின் எண்ணெய் நூறு மில்லி பாட்டில் ஒன்றும், சின்ன பெயிண்ட் பிரஷ்ஷும், ஒரு கட்டு பனியன் வேஸ்ட்டும் எடுத்துப் போனேன். மண்ணெண்ணெய் அம்மா வீட்டிலேயே இருந்தது, ரேஷனில் வாங்கியது.

அடுப்பை அணைத்துவிட்டு, கதவு சன்னலைத் திறந்து வைத்து, மிஷின் தலையை ஸ்டாண்டிலிருந்து கழற்றி வாசல் திண்ணையில் பழைய சாக்கின் மேல் படுக்க வைத்தோம். இடது பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளே நான் கண்டதை இன்னும் மறக்கவில்லை. ஊசிக் கம்பி போய்வரும் பாதை முழுக்கப் பழுப்பாக, காய்ந்த வேப்பம்பிசின் மாதிரி ஒட்டிக்கிடந்தது. நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் பத்து வருஷத்துப் பஞ்சு எண்ணெயில் ஊறிக் கம்பளித் துண்டாகவே ஆகியிருந்தது. ஊசியால் நெம்பி முழுசாக எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். "இதையா இத்தனை நாளா நான் மிதிச்சேன்?" என்றார்.

தேங்காயெண்ணெய் மட்டுமே இவ்வளவு பிசினாகாது. அம்மாவைக் கேட்டபோது நடுவில் நல்லெண்ணெய், ஒரு சமயம் கடலெண்ணெய்கூட விட்டதாகச் சொன்னார். சமையல் எண்ணெய்கள் காற்றுப் பட்டுப்பட்டுப் பிசுபிசுத்துப் பிறகு வார்னிஷ் மாதிரி இறுகும். வடைச்சட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாத அந்தப் பழுப்புதான் மிஷினுக்குள்ளும் இருந்தது.

பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து ஒவ்வொரு மூட்டிலும் விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தையும் பலவந்தமாகத் திருப்பவில்லை. ஊற விடுவது, ஆட்டுவது, துடைப்பது, மறுபடி ஊற விடுவது. துடைத்த துணி கறுப்பாக வந்தது, பிறகு பழுப்பு, பிறகு மஞ்சள். தங்க எழுத்தின் மேல் மண்ணெண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டேன். அந்த இடத்தை மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் லேசாக ஒற்றி எடுத்தால் போதும். ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் பழைய மிஷின்களில் அந்த எழுத்தும் பூவும் கரைந்து வந்துவிடும். மத்தியானம் மூன்று மணிக்குச் சக்கரம் ஒரு விரல் தள்ளலில் இரண்டு சுற்று சுற்றியது. அப்பா வந்து இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியதோடு விட்டுவிட்டால் மிஷின் வேகமாகத் துருப்பிடிக்கும். அதில் வழுவழுப்புத் தரும் சத்து அவ்வளவாக இல்லை. அன்றைக்கே நன்றாகத் துடைத்து எண்ணெய் விட்டாக வேண்டும். துரு கழற்றும் ஸ்ப்ரேக்களும் இந்த ரகம்தான். இறுகியதை இளக்கிவிடும், கொஞ்ச நாளில் ஆவியாகிப் போய்விடும். அடித்தவுடன் மிஷின் பறக்கிறதே என்று நம்பி அதையே எண்ணெயாக வைத்துக்கொள்கிறவர்களின் மிஷின்தான் ஆறு மாதத்தில் என்னிடம் கீச்சிட்டுக்கொண்டு வருகிறது.

திருப்பூர் திரும்பியதும் ஒன்று செய்து பார்த்தேன். உடைந்த கண்ணாடித் துண்டில் மிஷின் எண்ணெய், தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கடலெண்ணெய் நாலையும் ஒவ்வொரு சொட்டு விட்டு மொட்டை மாடியில் ஒரு டப்பா மூடிக்கு அடியில் வெயில் படும்படி வைத்தேன். தேங்காயெண்ணெய்க்கு இரண்டாம் நாளே எறும்பு வந்தது. இரண்டு மாதம் கழித்துத் தொட்டுப் பார்த்தபோது கடலெண்ணெய் விரலில் ஒட்டி இழுத்தது. நல்லெண்ணெய் ஜவ்வாகிவிட்டது. தேங்காயெண்ணெய் தூசியைப் பிடித்துச் சேறு மாதிரி இருந்தது, சிக்கு வாடை வேறு. மிஷின் எண்ணெய் வைத்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. அவ்வளவு நாள் வெயிலில் கிடந்தும் நிறம்கூட மாறவில்லை. உங்கள் ஊர்க் கடையில் சில்லறையாக அளந்து கொடுக்கும் எண்ணெய் மேல் சந்தேகம் இருந்தால் இப்படி ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். நல்ல மிஷின் எண்ணெய் தண்ணீர் போல் தெளிவாக இருக்கும், வாடை இருக்காது. மண்ணெண்ணெய் வாடை அடித்தால் வாங்காதீர்கள்.

தையல் மிஷின் வந்த புதிதில், 19-ஆம் நூற்றாண்டில், அமெரிக்காவில் திமிங்கிலத்தின் எண்ணெயை விட்டார்கள் என்று பின்னால் படித்தேன். குளிரில் கெட்டிப்படாது, பிசினாகாது என்பதுதான் காரணம். அதைப் படித்தபோது சன்னலோரம் வெயிலுக்குக் காத்திருந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

எண்ணெய் சரியாக இருந்தாலும் விடுகிற இடத்தில் தப்பு நடக்கிறது. கால்மிதி மிஷினில் தலையின் மேல் உள்ள ஓட்டைகள், இடது பக்கம் ஊசிக் கம்பியும், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் கம்பியும் போகும் வழி, நூலை ஏற்றி இறக்கும் கையின் மூட்டு, தலையைச் சாய்த்தால் அடியில் தெரியும் ஒவ்வொரு அசையும் மூட்டு. இரும்பும் இரும்பும் உரசுகிற இடமெல்லாம் ஒரே ஒரு சொட்டு. அடி நூலைத் தாங்கும் ஷட்டில் ஓடும் வளையத்தில் ஒரு சொட்டு, அதுவும் பஞ்சைத் துடைத்த பிறகு. தினமும் எட்டு மணி நேரம் தைக்கிறவர்கள் தினமும் விட வேண்டும். வீட்டில் எப்போதாவது தைப்பவர்கள் பத்து மணி நேரத் தையலுக்கு ஒரு தரம் விட்டால் போதும். ஆறு மாதம் மூடி வைத்திருந்த மிஷினை எண்ணெய் விடாமல் ஓட்டவே கூடாது.

நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டில் எண்ணெய் படக் கூடாது. பட்டால் நூல் வழுக்கும், தையல் தளரும், துணியெல்லாம் கறை. பெல்ட்டில் பட்டால் சக்கரம் இழுக்காது. பாபின் சுற்றும் ரப்பர் வளையம் எண்ணெய் குடித்தால் ஊறிப் போய்விடும். மோட்டாருக்குள் மிஷின் எண்ணெய் விடவே கூடாது. எங்கள் தெருவில் ஒருவர் மோட்டார் சத்தம் போடுகிறது என்று அதன் ஓட்டையில் எண்ணெய் விட்டார், உள்ளே கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டில் பட்டுப் புகைந்துவிட்டது.

எண்ணெய் விட்டு முடித்ததும் நூல் கோர்க்காமல் ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். பிறகு கழிவுத் துணியில் நாலு வரி தையுங்கள். ராத்திரி ஒரு பனியன் துண்டைப் பாதத்துக்கு அடியில் வைத்து இறக்கிவிட்டுப் படுத்தால், ஊசிக் கம்பி வழியாக இறங்கும் எண்ணெயை அது குடித்துக்கொள்ளும். ஜாக்கெட் துணி தைப்பவர்களுக்கு இந்தத் துண்டு மிகப் பெரிய காவல்.

கிரீஸ் பற்றி நான் கற்றுக்கொண்டது என் நாத்தனாரின் மிஷினில். வெள்ளை நிற ஜிக்ஜாக் மிஷின், மூன்று வருஷம் பெட்டியிலேயே இருந்தது. எடுத்தபோது ஜிக்ஜாக் குமிழ் திரும்பவில்லை. "அண்ணி, இடுக்கி போட்டுத் திருப்பட்டுமா?" என்று போனிலேயே கேட்டாள். தொடாதே என்று சொல்லிவிட்டு ஓடினேன். இடுக்கி பட்டிருந்தால் உள்ளே பிளாஸ்டிக் உடைந்திருக்கும். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால் டிசைன் மாற்றும் சக்கரங்களில் இருந்த பழைய கிரீஸ் மஞ்சளாகி மெழுகு மாதிரி இறுகியிருந்தது. தலைமுடி காய வைக்கும் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து இரண்டு நிமிஷம் சூடு காட்டினேன். ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டேன், குமிழை மயிரிழை மயிரிழையாக ஆட்டினேன். நாலாவது சூட்டில் இளகித் திரும்பியது. இளகியதைப் பல் குத்தும் குச்சியாலும் துணியாலும் வழித்து எடுத்துவிட்டேன்.

வேகமாகப் போய்வரும் கம்பிகளுக்கும் ஷட்டிலுக்கும் எண்ணெய். பல்லும் பல்லும் கடித்துச் சுற்றும் சக்கரங்களுக்குக் கிரீஸ். எண்ணெய் அந்தப் பல்லில் நிற்காது, சுற்றுகிற சுற்றில் தெறித்துப் போய்விடும். கிரீஸை ஊசிக் கம்பியிலோ ஷட்டிலிலோ தடவினால் பஞ்சைச் சேர்த்து அடைத்துக்கொள்ளும். வீட்டு மிஷினின் பல்சக்கரங்களுக்கு நான் வைப்பது வெள்ளை லித்தியம் கிரீஸ், அதுவும் பல்லின் மேல் ஒரு மெல்லிய பூச்சு. சைக்கிள் கடையிலும் ஒர்க்‌ஷாப்பிலும் கிடைக்கும் கறுப்புக் கிரீஸ் வேண்டாம். கால்மிதி ஸ்டாண்டின் கீழ்ச் சக்கரத்துக்கு வேண்டுமானால் சாதாரண கிரீஸ் வைக்கலாம், அங்கே துணி வராது. எண்ணெயே விட வேண்டாம் என்று கையேட்டில் போட்டு வரும் புது மிஷின்கள் உண்டு. அவற்றில் கையேடு சொன்னதைத்தான் கேட்க வேண்டும், நம் பழக்கத்தைக் காட்டக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நாள் துணியில் எண்ணெய் பட்டுவிடும். பட்டதும் தண்ணீரால் தேய்க்காதீர்கள், அயர்ன் போடவே போடாதீர்கள். சூடு பட்டால் கறை தங்கிவிடும். முகத்துக்குப் போடும் பவுடரைக் கறை மேல் கொட்டி அரை மணி நேரம் விடுங்கள், எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை ஒரு சொட்டு வைத்து ஒற்றிக் கழுவினால் வெள்ளைத் துணியில்கூடப் போய்விடுகிறது. பட்டுக்கு மட்டும் பவுடரோடு நிறுத்திக்கொண்டு சலவைக்காரரிடம் கொடுத்துவிடுவேன்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. பவர் மோட்டார் மாட்டித் தருகிறேன் என்றால் கேட்பதில்லை, இன்னும் மிதித்துத்தான் தைக்கிறார். போன வாரம் போன் செய்தார். "பாப்பா, எண்ணெய் பாட்டில் அடியில கொஞ்சம்தான் இருக்கு. வரும்போது ரெண்டா வாங்கிட்டு வா. மேல் லைன்ல ஒரு புள்ளை புதுசா மிஷின் வாங்கியிருக்கா, தேங்காயெண்ணெய் விட்டுக்கிட்டு இருக்கா. அவளுக்கு ஒண்ணு குடுக்கணும்."